இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், நடுவில் சம்பந்தி

பாட்டுக் கேட்கக் காது மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு புத்தகம் படித்துக் கெட்டுப்போனேன். பெரிய புத்தகம் எல்லாம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குள் தெர்மாகோலுக்கு நடுவில் கிடந்த சின்ன கையேடு.

எல்லோர் கையிலும் பட்டன் போன் வந்து சேர்ந்த காலம் அது. எனக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஃப்ளாட், கல்யாணமாகிக் கொஞ்ச நாள். அம்மாவும் தங்கை ஷீலாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அம்மா ரிட்டயர்டு டீச்சர். ஷீலாவுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு போனஸ் சமயத்தில், வீட்டில் யாரிடமும் கேட்காமல், ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். என் மனைவி எஸ்தர் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னங்க, இதுல பாட்டு கேக்கணுமா, துணி வைக்கணுமா?"

நான் கையேடு படித்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு படம் போட்டிருந்தது. பெரிய அறை. இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர். எதிரே ஒற்றை நாற்காலியில் ஒரு ஆள், கண்ணை மூடிச் சொர்க்கத்தில் இருக்கிறான். ஒரு பூந்தொட்டி. அவ்வளவுதான். (அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.) இரண்டு ஸ்பீக்கரும் கேட்கிறவனும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும், இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும், அப்போதுதான் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரியும் என்று எழுதியிருந்தது. வேதவசனம் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கட்டியவர் முதலில் கதவுகளையெல்லாம் மொத்தமாக வாங்கிவிட்டு, பிறகு அவற்றை எங்கே மாட்டுவது என்று யோசித்திருப்பார் போல. நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் சமையலறை. ஒரு பக்கச் சுவரில் இரண்டு படுக்கையறைக் கதவு. எதிர்ச் சுவரில் பாத்ரூம் கதவு, பால்கனிக் கதவு. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தைத்தான் சுவர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு சமபக்க முக்கோணத்தை நுழைப்பதற்குச் சாக்பீஸும் நூலும் எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மண்டி போட்டுப் போட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்த பாக்கியம் அக்கா துடைப்பத்தோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணா இது? ஏசு கும்புட்ற வூட்ல இந்த மாதிரிலாம் கோடு போட்டுகினு கீற?"

"ஸ்பீக்கர் வைக்கக்கா."

"எங்க ஏரியால பேய் ஓட்றவன் இப்டித்தான் போடுவான். அவனும் இன்னா ஏதுன்னு சொல்ல மாட்டான்."

அன்றிலிருந்து அவர் அந்தக் கோட்டுக்குள் காலை வைக்கவில்லை. ஹால் முழுக்கப் பெருக்கித் துடைத்து, முக்கோணத்தை மட்டும் விட்டுவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் சாக்பீஸ் கோடு அழிந்துவிட்டது. தூசியிலேயே முக்கோணம் அழகாகத் தெரிந்தது.

கடைசியில் இடது ஸ்பீக்கர் வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றது. வலது ஸ்பீக்கர் சமையலறைப் பக்கம். ஆம்ப்ளிஃபயர் சோபாவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து வலது ஸ்பீக்கருக்கு ஹால் வழியாக ஒயர் விட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் தடுக்கி விழுந்தார்கள். அதனால் சுவரில் ஓட்டை போட்டு, ஒயரைப் படுக்கையறைக்குள் விட்டு, கட்டிலுக்கடியில் கொண்டுபோய், அந்தப் பக்கம் வெளியே எடுத்தேன். மிச்ச ஒயரைக் கட்டிலுக்கடியிலேயே சுருட்டி வைத்தேன். இடது ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும் அல்லவா? அந்த நீள ஒயர் முழுவதையும் சுருட்டிச் சோபாவுக்கடியில் தள்ளினேன்.

கேட்கிறவன் உட்கார வேண்டிய அந்த மூன்றாவது முனை எங்கே வந்தது என்றால், சரியாகப் பாத்ரூம் கதவுக்கு முன்னால். அங்கே ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டேன். பாத்ரூம் போக வேண்டியவர்கள் என்னிடம் சொன்னால் எழுந்து வழி விடுவேன்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னங்க?"

"தள்ளினா பாடகி நடுவுல இருந்து வலது பக்கம் நகர்ந்துடுவா எஸ்தர்."

"நகரட்டுமே. எவ்ளோ நேரம்தான் அவளும் ஒரே இடத்துல நிப்பா."

இந்தச் சமயத்தில்தான் ஷீலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பார்த்தோம் என்பது தவறு. நான் பார்த்தேன். இதை அப்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சிக்கு ஷீலா என்னை வற்புறுத்தி வண்டலூர் வரை அழைத்துப் போனாள். அங்கே பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்ற ஒரு பையனின் கீழ்க்குரல் என் ஸ்பீக்கரையே தோற்கடித்தது. "அண்ணா, அந்தப் பையன் குரல் நல்லாயிருக்குல்ல?" என்று ஷீலாதான் காட்டினாள். பெயர் எட்வின். விசாரித்தேன். நல்ல குடும்பம். அவனுக்கும் நாவலூரில்தான் வேலை.

"அம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே ரோட்ல ஆபீஸ். சாயங்காலம் ஒரே ஸ்டாப்ல வேன் ஏறுறாங்க. ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல பாருங்களேன்!" என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "ஆமா சாமு. ஆச்சரியந்தான்" என்றார்கள்.

பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எட்வினின் அப்பா தேவசகாயம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரைப் பற்றி விசாரித்தபோது எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். மனிதர் தங்கம், ஆனால் ஏமாற்றினால் பிடிக்காது. டிக்கெட் இல்லாதவனைக்கூட மன்னிப்பார், டிக்கெட் இருக்கிற மாதிரி நடித்தவனை விடமாட்டார். பையனுக்குத் தானே பார்த்து முடிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஏற்கெனவே வந்த ஒரு சம்பந்தத்தில் பெண்ணின் வேலையைப் பற்றி ஏதோ கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று, பாதிக் கேசரியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவர்.

அம்மாவுக்கு இந்த இடம் அமைந்தால் போதும் என்று இருந்தது. அப்பா இல்லாமல் வளர்த்த பெண். ஒரு வாரமாக உபவாச ஜெபம். ஷீலா அந்த வாரம் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பயம் என்று நான் எஸ்தரிடம் விளக்கினேன். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு நாளாவது அந்த பீரோ ரெண்டையும் எடுத்து பால்கனில வைங்க" என்றாள் எஸ்தர்.

"மறுபடி அதே இடத்துல வைக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

சமாதான உடன்படிக்கையாக, ஸ்பீக்கர்களின் தலையில் அம்மா கையால் தைத்த பூத்துணி விரித்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரோஜா ஜாடி வைக்கப்பட்டது. இரண்டு பெரிய மனுஷிகள் ஹாலில் நிற்பது போல இருந்தது. விருந்தினர் வரும்போது மெல்லிசாக ஒரு கீர்த்தனை, வயலினில் மட்டும், ஓட விடுவதாக ஏற்பாடு. அந்த சிடி ரொம்பச் சன்னமாகப் பதிவாகியிருந்ததால் வால்யூமை நன்றாகவே ஏற்றி வைத்திருந்தேன். இது முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். தேவசகாயம் மாமா, அவர் மனைவி ராஜம் அத்தை, எட்வின். மூன்று பேர்தான். எட்வின் சோபாவில் உட்கார்ந்தான். ராஜம் அத்தை அவன் பக்கத்தில். மாமாவும் அங்கேதான் உட்காரப் போனார். நான் விடவில்லை.

"மாமா, நீங்க இங்க உக்காருங்க. இதுதான் இந்த வீட்லயே நல்ல இடம்."

அவர் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"இது பாத்ரூம்தானே தம்பி?"

"ஆமா மாமா."

"ரயில்லயே பாத்ரூம் பக்கத்து சீட்ட யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்கார்ந்தார். வயலின் அவர் நெற்றிக்கு நேராக வந்து நின்றிருக்கும். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

ஷீலா வழக்கப்படி படுக்கையறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் ஜெபம், அப்புறம் பெண்ணை அழைப்பது, அப்புறம் காபி, டிபன், பேச்சு. இதுதான் எங்கள் பக்கத்து முறை. நான் போய் சிடியை நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயரை நிறுத்தவில்லை. வால்யூமைக் குறைக்கவில்லை. எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டோம். அம்மா ஜெபத்தை ஆரம்பித்தார்கள்.

அம்மாவின் ஜெபம் எக்ஸ்பிரஸ் இல்லை, பாசஞ்சர். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். வானத்தையும் பூமியையும் படைத்ததில் கிளம்பி, நாட்டின் தலைவர்கள், மழை, வியாதியஸ்தர்கள், தூர தேசத்து ஊழியர்கள் என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வரும். ஹாலில் வேறு சத்தமே இல்லை.

அப்போது இடது ஸ்பீக்கரில் கேட்டது.

டிட்டி-டிட். டிட்டி-டிட். டிட்டி-டிட். டர்ர்ர்ர்.

அந்தக் காலத்து போன்களுக்கு இப்படி ஒரு குணம் இருந்தது. மெசேஜ் போனாலும் வந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் இப்படி அலறும். போனை சைலண்டில் போட்டாலும் ஸ்பீக்கர் போட்டுக்கொடுத்துவிடும். நீளமான ஒயரைச் சுருட்டி வைத்தால் அது ஏரியல் மாதிரி இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, வலது ஸ்பீக்கர். டிட்டி-டிட், டிட்டி-டிட், டர்ர்ர்ர்.

அம்மா குரலை உயர்த்தி ஜெபித்தார்கள். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் வலதில் டிட்டி-டிட். அடுத்து இடதில் டிட்டி-டிட். நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போய்விட்டது என்று மாமா நினைத்துவிட்டால்? ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். எட்வின் கண்ணை இறுக்க மூடி, பக்தியோடு தலை குனிந்திருந்தான். கை மட்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. (பட்டன் போனில் பார்க்காமலே டைப் அடிக்கும் தலைமுறை அது.) தேவசகாயம் மாமாவும் கண்ணை மூடித்தான் இருந்தார். ஆனால் அவர் தலை மெதுவாக இடது பக்கம் திரும்பியது. பிறகு வலது பக்கம். பிறகு வலதிலிருந்து இடது பக்கம்.

"ஆமென்" என்று அம்மா முடித்ததும் நான் முந்திக்கொண்டேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இதுவரை என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டிய இடங்களில் இதற்குத்தான் முதலிடம்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. செட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. பக்கத்துல யாராவது போன்ல மெசேஜ் அனுப்பினா, வந்தா, இப்படிக் கேக்கும்."

"அப்படியா?"

"ஆமா மாமா. இடது பக்கம் போன் இருந்தா இடது ஸ்பீக்கர்ல கேக்கும். வலது ஒயர் கிட்ட இருந்தா வலதுல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த இடத்துல இருந்து எது எங்கேர்ந்து வருதுன்னு துல்லியமா கண்டுபிடிக்கலாம். மத்த இடத்துல இது தெரியாது."

"அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வெச்சீங்களா?"

"ஆமா மாமா!" என்றேன் பெருமையாக.

எஸ்தர் எனக்குப் பின்னால் நின்று இருமினாள். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"முதல்ல இடது, அடுத்து வலது. அப்புறம் வலது, அடுத்து இடது" என்றார் மாமா. "இடது பக்கம் யார் போன் தம்பி?"

"நம்ம மாப்பிள்ளை போன்தான் மாமா."

"வலது ஒயர் எங்க போவுது?"

"ரூமுக்குள்ள போவுது மாமா. கட்டிலுக்கு அடியில. ஆனா அங்க யாருமே இல்ல, ஷீலா மட்டும்தான்…"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. நான் சொன்னது என் காதில் விழுந்ததே அப்போதுதான்.

மாமா மகனை நோக்கிக் கையை நீட்டினார். டிக்கெட் கேட்டுக் கேட்டுப் பழகிய கை. அதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாது. எட்வின் போனை எடுத்துக் கொடுத்தான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'அத்தை ஜெபம் எப்ப முடியும்?'"

அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்கள்.

"'இப்பதான் வியாதியஸ்தர்கள் வந்திருக்காங்க. இன்னும் உங்கப்பா வரல.'" ஷீலாவின் பதிலையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்ளோ நாளா ஓடுது இந்த வண்டி?"

"ஒன்றரை வருஷம் பா" என்றான் எட்வின். அந்த அருமையான கீழ்க்குரல் எங்கோ போய், கீச்சென்று வந்தது. "வேன்ல பழக்கம்."

மாமா மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் ராஜம் அத்தை, கைப்பையின் வாரைப் பார்த்தபடி. "நீங்களே பார்த்து முடிச்ச மாதிரி இருக்கட்டும்னுதான் சொல்லல."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் ரோஜா ஜாடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தேன்.

"நீ தேடிக் கண்டுபிடிச்சேன்னு சந்தோஷமா இருந்தியேடா சாமு" என்றார்கள் அம்மா. "அதைக் கெடுப்பானேன்?"

ஆக, அந்த ஹாலில் விஷயம் தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முக்கோணத்தின் முனையில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் முக்கோணத்தைப் போட்டவன்.

மாமா எழுந்தார். பாதிக் கேசரிக் கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இங்கே கேசரி இன்னும் சமையலறையை விட்டே வரவில்லை. அவர் பிரம்பு நாற்காலியை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டார். பாத்ரூம் கதவைத் திறந்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மகனின் போன் அவர் கையிலேயே இருந்தது.

பெண் பார்க்க வந்தவர் பாத்ரூமுக்குள் போய் முடிவெடுத்த வரலாறு எங்கள் சபையில் அதற்கு முன் கிடையாது. தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாங்கள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இந்த முறை ஜெபத்தில் தூர தேசத்து ஊழியர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

"எல்லாம் உங்க முக்கோணத்தால" என்றாள் எஸ்தர் என் காதோரம். நியாயமான பேச்சு.

அப்போது வலது ஸ்பீக்கரில், டிட்டி-டிட். டிட்டி-டிட். டர்ர்ர்ர்.

எல்லோரும் இடது ஸ்பீக்கரைப் பார்த்தோம். அது பேசவில்லை. எட்வின் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். போன் அவனிடம் இல்லையே. அப்படியென்றால் உள்ளேயிருந்து ஷீலா அனுப்பியது போய்ச் சேர்ந்த இடம் பாத்ரூம். "ஐயோ, இது வேறயா" என்று ராஜம் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, டைப் அடிக்கத் தெரியாத ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து, வலது ஸ்பீக்கர் மறுபடி அலறியது. டிட்டி-டிட்.

படுக்கையறைக் கதவு திறந்தது. யாரும் அழைக்காமலே ஷீலா வெளியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனாள். ஒரே ஒரு டம்ளர் காபியோடு வந்து, பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்றாள். தாழ்ப்பாள் விலகியது. மாமா வெளியே வந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சரியா இருக்கும்மா" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கேசரி எதுவும் இல்லையா?" என்றார்.

அந்த மெசேஜ்களை ஷீலா ரொம்ப நாள் அழிக்காமல் வைத்திருந்தாள். அவள் அனுப்பியது: "மாமா, நான் ஷீலா. ஏமாத்தினது தப்புதான். டிக்கெட் இல்லாமத்தான் ஏறிட்டேன். எறக்கி விட்டுடாதீங்க. காபி போட்டு வெச்சிருக்கு." மாமா பதிலில் எழுதியது இரண்டே வார்த்தை. "சர்க்கரை வேண்டாம்."

கல்யாணம் நடந்தது. சீர் விஷயத்தில் பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. மாமா மட்டும் ஒரு ஸ்பீக்கரைக் கேட்டார். இடதை. எந்த வீட்டிலும் அது இரண்டும் சேர்ந்திருக்கக் கூடாது என்பது அவர் கருத்து. எட்வினும் ஷீலாவும் கேளம்பாக்கத்தில் குடியேறியபோது இடது ஸ்பீக்கரும் கூடவே போனது. அதன் மேல் இப்போது மணிபிளான்ட் வளர்கிறது. வலது ஸ்பீக்கர் தாம்பரத்தில் என்னிடம் இருக்கிறது. எஸ்தர் முதலில் கேட்டபடியே, பின்பக்கப் பலகையைக் கழற்றித் துணி வைத்திருக்கிறோம். மாமா வண்டலூரில். வரைபடத்தில் மூன்று ஊரையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்தேன். சமபக்கம் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது மறைத்தால் இன்றும் அதற்கு ஒரே பெயர்தான். போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தவிர எல்லோரும் தாம்பரம் வீட்டில் கூடியிருந்தார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் மெதுவாக "டிட்டி-டிட்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

என்ன விஷயம் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. ராத்திரி வண்டலூருக்கு போன் போட்டேன். மாமாவுக்கும் தெரியவில்லையாம்.